செவிப்பறைப் பாலிமர் செல் சோதனையில் தோற்றால்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

பாளையங்கோட்டை, அபிஷேகப்பட்டி, நாகர்கோவில் பக்கம் செவிப்பறை ஓட்டையை மூடும் பாலிமர் படலம் பற்றிப் புராஜெக்ட் செய்யும் பிள்ளைகளிடமிருந்து வரும் போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "அண்ணாச்சி, பாலிமர் டாக்ஸிக்காம், செல்லு பூரா செத்துட்டு." எந்தப் பாலிமர் என்று கேட்டால் பாலிகேப்ரோலாக்டோன் (பிசிஎல்) என்பார்கள், இல்லையென்றால் பிஎல்ஜிஏ (லாக்டிக், கிளைகாலிக் அமிலங்களால் ஆனது), சிலிக்கோன், பாலியூரித்தேன். இவை பல வருடங்களாக மனித உடம்புக்குள் தையல் நூலாகவும் குழாயாகவும் இருக்கிற பொருட்கள். நீங்கள் வாங்கிய மருத்துவத் தரப் பாலிமர் திடீரென்று விஷமாகிவிடவில்லை. கழுவியது, காயவைத்தது, கிருமி நீக்கியது, ஊறவைத்த அளவு, இன்குபேட்டர், கரண்ட் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு முடித்துவிட்டு, கடைசியாகப் பாலிமர் மேல் கை வையுங்கள்.

நீங்கள் மருத்துவக் கருவிகளின் நச்சைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 10993-5 முறைப்படி எல்929 செல்லில் (எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட், அதாவது இணைப்புத் திசு செல்) எம்டிடி சோதனை (உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும்) செய்கிறீர்கள் என்றும், 10993-12 சொல்கிறபடி படலத்தைச் சீரம் கலந்த மீடியத்தில் (செல் வளர்க்கும் திரவம்) 37 டிகிரியில் 24 மணி நேரம் ஊறவைத்து, ஊறின மீடியத்தை எக்ஸ்ட்ராக்டாக எடுத்துச் செல் மேல் ஊற்றுகிறீர்கள் என்றும் வைத்துக்கொள்கிறேன். வெறும் மீடியம் பட்ட செல்லோடு ஒப்பிட்டு உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சு என்பது கணக்கு.

எந்தத் தலைப்புக்குப் போவது என்று முடிவு செய்வதற்கு முன் மூன்று கன்ட்ரோலையும் (ஒப்பீட்டுக் குழிகளையும்) மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள்: செல் மேல் வெறும் மீடியம் ஊற்றிய பிளாங்க், கொல்லவே கூடாத நெகட்டிவாக வைத்த அடர் பாலிஎத்திலீன், கொன்றே ஆக வேண்டிய பாசிடிவாக வைத்த நச்சுப் படலம். பிளேட் ரீடர் (குழிகளின் நிறத்தை அளக்கும் கருவி) எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போன் பண்ணாதீர்கள். நான் முதலில் கேட்பது "பிளாங்க் எப்படி இருக்கு?" என்பதுதான்.

## அறிகுறி: பிளாங்க் குழியிலேயே செல் சரியில்லை

பாலிமர் படாத செல்லே உருண்டு மிதக்கிறது, அல்லது 570 நானோமீட்டரில் பிளாங்கின் சராசரி ஓடி (ஒளி அடர்த்தி) 0.2-ஐத் தொடவில்லை. அப்படியென்றால் அந்த பிளேட் செல்லாது. பாலிமர் குழி நன்றாக இருந்தாலும் சரி, மோசமாக இருந்தாலும் சரி, அதிலிருந்து ஒரு வரிகூட எழுதக் கூடாது.

மீடியத்தின் நிறம். காசே ஆகாத பரிசோதனை இது. மீடியம் அடர் ரோஸ் நிறத்துக்குப் போயிருந்தால் கார்பன் டை ஆக்சைடு வரவில்லை. "சிலிண்டர் கேஜ் நிறைய காட்டுதே" என்பார்கள். உள்ளே திரவம் ஒரு சொட்டு மிச்சம் இருக்கும்வரை அந்தக் கேஜ் ஏறத்தாழ ஒரே அழுத்தத்தைத்தான் காட்டும், திரவம் தீர்ந்த பிறகு சடாரென்று இறங்கும். ஆகவே கேஜை நம்பாமல் சிலிண்டரை எடை போடுங்கள். தசராவுக்கும் பொங்கலுக்கும் முன்னால் கட்டாயம் போடுங்கள், ரீஃபில் கடை பூட்டியிருக்கும்.

வெப்பம். இது நம்ம ஊருக்கே உரிய பிழை. சாதாரண இன்குபேட்டரால் சூடாக்க முடியும், குளிரவைக்க முடியாது. அறை வெப்பம் 37-ஐ விட நாலைந்து டிகிரியாவது குறைவாக இருந்தால்தான் அது ஒழுங்காக 37-இல் நிற்கும். மே மாதம், மின்வாரியத்தின் பராமரிப்புத் தடை நாளில், ஏசி இல்லாத அறை 35, 36-க்குப் போய்விடும். இன்குபேட்டர் மட்டும் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும், எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள், உள்ளே 38, 39 தாண்டிக்கொண்டிருக்கும். அதிகபட்ச-குறைந்தபட்ச வெப்பம் பதிவு செய்யும் சின்ன தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே வைத்துவிடுங்கள். யுபிஎஸ்ஸில் இன்குபேட்டரை மட்டும் மாட்டாமல், முடிந்தால் அறையின் ஏசியையும் ஜெனரேட்டர் லைனில் போடச் சொல்லுங்கள். முடியாதென்றால் தடை அறிவித்த வாரத்தில் சோதனை வைக்காதீர்கள், வேறு வழி இல்லை.

செல்லின் நிலை. செல்லைத் தட்டிலிருந்து பிரிக்கும் டிரிப்சினில் அதிக நேரம் விட்டதா, குழிக்கு பத்தாயிரம் செல் உண்மையாகவே போனதா, செத்த செல்லை நீலமாக்கும் டிரைபன் புளூவில் எண்ணும்போது பத்தில் ஒன்பதாவது உயிரோடு இருந்ததா? விதைத்து 24 மணி நேரம் ஒட்டவிட்ட பிறகுதான் எக்ஸ்ட்ராக்ட் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு அன்று சாயங்காலமே ஊற்றிவிடுகிற ஆட்கள் உண்டு.

மைக்கோபிளாஸ்மா என்னும் மிக நுண்ணிய பாக்டீரியா. வளர்ச்சி மந்தம், பிளேட்டுக்குப் பிளேட் எண் ஆடுகிறது, ஆனால் மீடியம் தெளிவாகவே இருக்கிறது என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது. பிசிஆர் (மரபணுச் சோதனை) பார்க்க வேண்டும். இருந்தால் ஆன்டிபயாடிக் ஊற்றிக் காப்பாற்றப் பார்க்காமல் அந்தச் செல் வரிசையை (ஒரே மூலத்திலிருந்து வளர்த்துவரும் செல்களை) அப்படியே அழித்துவிட்டு, புனேயின் தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து புதிதாக எல்929 வரவழையுங்கள். பக்கத்து லேப்பில் கேட்டு வாங்குவது சுலபம்தான், ஆனால் அவர்கள் செல்லோடு அவர்கள் மைக்கோபிளாஸ்மாவும் சேர்ந்து வரும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: புது சிலிண்டர் மாட்டியும், திரையில் 5 சதவீதம் என்று காட்டியும், மீடியம் ரோஸாகவே இருந்தால் சென்சார் போய்விட்டது. நீங்களே கழற்ற வேண்டாம், கம்பெனி சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். வெளியூரிலிருந்து வர வேண்டியிருக்கும், வந்துபோகிற செலவும் உங்கள் தலையில்தான் என்பதால் தனி தெர்மாமீட்டர் எண், மீடியம் போட்டோ எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

## அறிகுறி: பிளாங்க் நலம், நெகட்டிவ் நலம், பாலிமர் குழி மட்டும் சாகிறது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். முதலில் எக்ஸ்ட்ராக்டை அப்படியே 100 சதவீதத்திலும், மீடியத்தால் நீர்த்து 50, 25, 12.5 என்றும் போட்டுப் பாருங்கள். ஒற்றைச் செறிவில் சோதித்துவிட்டுத் தீர்ப்பு சொல்வதில் அர்த்தமே இல்லை.

### எக்ஸ்ட்ராக்ட் மஞ்சளாகிவிட்டது

அமிலம் கசிகிறது. பிஎல்ஏ, பிஎல்ஜிஏ என்றால் லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும். பிசிஎல் இவ்வளவு சீக்கிரம் சிதையாது, 24 மணி நேரத்தில் மஞ்சளாக்கினால் அது வேறு ஏதோ.

முதல் சந்தேகம் சேமிப்பு. பிஎல்ஜிஏ குருணையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் டப்பாவைத் திறந்தால் உள்ளே வியர்க்கும், அந்த ஈரத்திலேயே சிதைய ஆரம்பிக்கும். மூடியபடி அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இரட்டிப்பாகத் தெரியும். அடுத்த சந்தேகம் காமா கதிர். வழக்கமான 25 கிலோகிரே அளவு பிஎல்ஜிஏ சங்கிலிகளை வெட்டும், மூலக்கூறு எடை இறங்கும், சிதைவு வேகமாகும். கதிர் படாத ஒரு துண்டையும் பட்ட ஒரு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊறவைத்து பிஎச் அளந்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

பிஎச்சைச் சரிக்கட்டி மறுபடி ஊற்றிப் பாருங்கள், ஆனால் அது காரணத்தைக் கண்டுபிடிக்க மட்டும். பிஎச் திருத்திய எண்ணை இறுதி முடிவாக எழுதக் கூடாது. காதுக்குள் யாரும் பிஎச் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

### நிறம் மாறவில்லை, 100 சதவீதத்தில் சாகிறது, நீர்த்தால் தேறுகிறது

கரையக்கூடிய எதுவோ மிச்சம் இருக்கிறது. மலிவானதிலிருந்து வரிசையாகப் பாருங்கள்.

*அளவு.* பரப்புக்கு எவ்வளவு மீடியம் ஊற்றினீர்கள்? அரை மி.மீ.க்கும் மெல்லிய படலத்துக்கு ஒரு மி.லி.க்கு 6 சதுர செ.மீ. என்பது கணக்கு, இரண்டு பக்கத்தையும் சேர்த்து. செவிப்பறை அளவில் 9 மி.மீ. விட்டமுள்ள வட்டம் வெட்டினால் ஒன்றின் இரு பக்கப் பரப்பு சுமார் 1.27 சதுர செ.மீ. வரும், ஆக ஒரு மி.லி.க்கு ஐந்து வட்டம் போதும். ஒரு பக்கத்தை மட்டும் கணக்கில் எடுத்து பத்து வட்டம் திணித்திருப்பார்கள். மின்சுழற்சியில் (எலக்ட்ரோஸ்பின்னிங், அதாவது பாலிமர் கரைசலை உயர் மின்னழுத்தத்தில் இழையாக இழுப்பது) இழுத்த நுண்ணிழை விரிப்பு என்றால் பரப்பை அளப்பதே வெட்டிப் பேச்சு, எடைக் கணக்குக்குப் போங்கள்: ஒரு மி.லி.க்கு 0.1 கிராம். அதிலும் ஒரு சிக்கல், விரிப்பு மீடியத்தை உறிஞ்சிக்கொள்ளும், எடுக்க ஒன்றும் மிஞ்சாது. தனியாக ஒரு துண்டு எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்து, அந்த அளவைக் கூடுதலாகச் சேர்த்து ஊற்றுங்கள். முறையும் அதைத்தான் சொல்கிறது.

*ஆல்கஹால்.* 70 சதவீத எத்தனாலில் ஊறவைத்துவிட்டு ஒரே முறை பிபிஎஸ்ஸில் (உப்புக் கரைசல்) முக்கி எடுப்பது. நுண்ணிழைக்குள் எத்தனால் தங்கும். பிபிஎஸ்ஸைப் பலமுறை மாற்றி, கடைசியில் ஒரு ராத்திரி மீடியத்தில் போட்டு வைத்து, அந்த மீடியத்தைக் கொட்டிவிட்டு ஆரம்பியுங்கள். ஆனால் ஒன்று, சோதனைக்காகக் கழுவும் படலமும் நாளைக்கு நோயாளிக்குப் போகும் படலமும் ஒரே விதமாகத் தயாராக வேண்டும். சோதனைக்கு மட்டும் நன்றாகக் கழுவுவது ஏமாற்று.

*கரைப்பான்.* குளோரோஃபார்ம் 61 டிகிரியில் கொதிக்கும், சீக்கிரம் போய்விடும். டைமெத்தில்ஃபார்மமைடு 153 டிகிரி, அது லேசில் போகாது. இரண்டையும் கலந்து சுழற்றியிருந்தால் சந்தேகம் இரண்டாவதன் மேல். சூட்டில் வைத்து விரட்டலாம் என்று ஓவனை 70-க்குத் திருப்பினால் பிசிஎல் விரிப்பு உருகி வத்தலாகிவிடும், அதன் உருகுநிலையே 60 டிகிரிதான். 35, 40 டிகிரியில் வெற்றிட ஓவன், நாள் கணக்கில், அதுவே வழி. வெற்றிட ஓவன் இல்லாத இடத்தில் டெசிகேட்டரும் பம்பும். மொட்டை மாடி வெயிலில் காயப்போடுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

எடை இறங்குவது நின்றுவிட்டதா என்று பாருங்கள், இது இலவசம். நின்ற பிறகும் செல் சாகிறது என்றால் கேஸ் குரோமட்டோகிராஃபிக்கு அனுப்புங்கள், இது காசு. மருந்துகளுக்கான ஐசிஎச் (சர்வதேச ஒத்திசைவுக் குழு) வரம்பில் குளோரோஃபார்ம் 60 பிபிஎம், டைமெத்தில்ஃபார்மமைடு 880 பிபிஎம். ஒரு கைகாட்டியாக வைத்துக்கொள்ளலாம்.

*எத்திலீன் ஆக்சைடு.* இந்த வாயுவால் கிருமி நீக்க ஆஸ்பத்திரி மெஷினில் கொடுத்து எடுத்தீர்களா? பாலிமருக்குள் வாயு தங்கும், காற்றோட்டத்தில் வைத்து வெளியேற்ற வேண்டும். இன்னொன்று, அந்த மெஷின்களின் சூடான சுழற்சி 55 டிகிரி. பிஎல்ஜிஏ அந்தச் சூட்டில் இளகிச் சுருங்கும், பிசிஎல் உருகுநிலையின் வாசலில் நிற்கும். 37 டிகிரி சுழற்சி கேட்டு வாங்குங்கள்.

### நீர்த்தாலும் சாகிறது

12.5 சதவீதத்திலும் சாவு என்றால் உள்ளே இருப்பது சும்மா மிச்சம் இல்லை. முதலில் பாலிமர் அல்லாத எல்லாவற்றையும் கேளுங்கள்: வட்டத்தைப் பிடித்து வைக்க ஒட்டிய பசை, டேப், லேடெக்ஸ் கையுறை, ஊறவைத்த டப்பா, வட்டம் வெட்டிய பஞ்ச் கருவியில் இருந்த எண்ணெய். பாலிமர் போடாமல், மற்ற எல்லாச் சாமானையும் அதே மாதிரி ஊறவைத்து ஒரு எக்ஸ்ட்ராக்ட் எடுங்கள். இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் குறைவு, செய்தவர்களுக்கு வேலை பாதியாகக் குறைந்திருக்கிறது.

அதற்கும் பதில் இல்லையென்றால்தான் பாலிமர். சிலிக்கோன் என்றால் எது கொண்டு இறுக வைத்தது? வெள்ளீய வினையூக்கி போட்ட கட்டிடச் சிலிக்கோனுக்கும் பிளாட்டினத்தில் இறுகும் மருத்துவச் சிலிக்கோனுக்கும் பார்வையில் வித்தியாசம் தெரியாது. கெமிக்கல் கடையில் தொழிற்சாலைத் தரப் பிசிஎல் வாங்கியிருந்தால் அதிலும் வெள்ளீய வினையூக்கி மிச்சம் இருக்கலாம். கரைத்து, மெத்தனாலில் வீழ்த்தி, வடித்துச் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள். தேறினால் காரணம் அதுதான். தேறவில்லையென்றால் 10993-18 சொல்லும் வேதியியல் பகுப்பாய்வுக்கு வெளியே கொடுக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது. இதற்கு மேல் நீங்கள் செல்லைக் கொன்று கண்டுபிடிக்கப்போவது ஒன்றுமில்லை.

### 50 சதவீதம், 100-ஐ விட மோசம்

இயற்கைக்கு முரண். நீர்க்க நீர்க்க உயிர்ப்பு ஏற வேண்டும், குறைந்தபட்சம் அதே அளவில் நிற்க வேண்டும். இல்லையென்றால் ஐஎஸ்ஓ முறையே "திரும்பச் செய்" என்கிறது. பெரும்பாலும் பைபெட், அல்லது குழி வரிசை மாறிப்போனது.

## அறிகுறி: உயிர்ப்பு 120, 130 என்று காட்டுகிறது

சந்தோஷப்பட்டு ஸ்லைடில் "செல் வளர்ச்சியைத் தூண்டுகிறது" என்று எழுதிவிடுவார்கள். சாவை எவ்வளவு சந்தேகப்படுகிறோமோ அதே அளவு இதையும் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் சாவு உங்கள் நேரத்தைத்தான் தின்னும், இது உங்கள் பெயரையே தின்றுவிடும்.

பிளேட்டின் இடது ஓர பிளாங்கையும் வலது ஓர பிளாங்கையும் தனித்தனியாகச் சராசரி எடுங்கள். மொத்தச் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் விதைத்ததில் கோளாறு, அல்லது ஓரக் குழி காய்ந்திருக்கிறது. இன்குபேட்டர் தண்ணீர்த் தட்டு வறண்டிருக்கும், பாருங்கள். ஓரம் முழுக்க பிபிஎஸ் ஊற்றிவிட்டு உள் குழிகளை மட்டும் பயன்படுத்துங்கள்.

அது சரியாக இருந்தால், செல்லே இல்லாத குழியில் உங்கள் எக்ஸ்ட்ராக்டையும் எம்டிடியையும் ஊற்றி வையுங்கள். ஊதா வந்தால் பொருளே எம்டிடியை ஒடுக்குகிறது, செல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாலிமரில் மஞ்சள், கடுக்காய், வேப்பிலைச் சாறு என்று எதையாவது கலந்து "மூலிகைச் செவிப்பறை" செய்கிறவர்களுக்கு இது கிட்டத்தட்ட எப்போதும் வரும், அவற்றின் பாலிஃபீனால்கள் எம்டிடியை நேரடியாக நிறம் மாற்றும். எம்டிடியை விட்டுவிட்டு செத்த செல்லிலிருந்து வெளியேறும் எல்டிஎச் நொதியின் கசிவு பாருங்கள், அல்லது உயிர்-சாவுச் சாயம் போட்டு ஒளிர்வு மைக்ரோஸ்கோப்பில் எண்ணுங்கள். பாக்டீரியாவும் எம்டிடியை ஊதாவாக்கும், அதனால் குழியில் கலங்கல் இல்லையே என்றும் பார்த்துவிடுங்கள்.

## அறிகுறி: பாசிடிவ் சாகவில்லை

ஒரே வரியில் முடியும்: நச்சுப் படலம் பழசு, அல்லது அது பாசிடிவே இல்லை. துத்தநாக டைஎத்தில்டைதயோகார்பமேட் கலந்த பாலியூரித்தேன் படலத்தை விலை கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும். மாணவர்கள் கடையில் வாங்கிய ரப்பரை வெட்டிப் போடுவார்கள், சில ரப்பர் கொல்லும், சில கொல்லாது. பாசிடிவ் சாகாத பிளேட்டில் பாலிமர் பாஸ் ஆனதாகச் சொல்ல முடியாது.

## அறிகுறி: எக்ஸ்ட்ராக்ட் பாஸ், ஆனால் படலத்தின் மேல் செல் ஒட்டவில்லை

இது நச்சு இல்லை, ஒட்டாமை. இரண்டையும் குழப்பிக்கொண்டு பாலிமரை மாற்றியவர்கள் உண்டு.

படலம் மிதக்கிறதா? நுண்ணிழை விரிப்பு காற்றை அடைத்துக்கொண்டு மிதக்கும், செல் பாதி அடியில் பிளாஸ்டிக்கில் போய் ஒட்டிக்கொள்ளும். எத்தனாலில் நனைத்து, படிப்படியாகத் தண்ணீருக்கு மாற்றி, மேலே துருப்பிடிக்காத எஃகு வளையம் ஒன்றை வைத்து அமுக்குங்கள். அடுத்து, தண்ணீர்ச் சொட்டு முத்தாக நிற்கிறதா? பிசிஎல் இழை விரிப்பு தண்ணீரை வெறுக்கும். சீரம் கலந்த மீடியத்தில் ஒரு ராத்திரி ஊறினாலே கொஞ்சம் பரவாயில்லை, பிளாஸ்மா (அயனியாக்கிய வாயு) மெஷின் கிடைத்தால் நல்லது, கொலாஜன் பூசலாம். பிளாஸ்மா செய்த பரப்பு நாளாக ஆகப் பழைய நிலைக்கே திரும்பும், அதனால் செய்த கையோடு விதையுங்கள்.

எம்டிடியில் குறைவாகக் காட்டி, மைக்ரோஸ்கோப்பில் செல் நிறையத் தெரிந்தால் ஊதாப் படிகம் இழைக்குள் மாட்டிக்கொண்டு ஐசோபுரோபனாலில் முழுசாக இறங்கவில்லை. படலத்தை வேறு குழிக்கு மாற்றிக் கரையுங்கள், ஆட்டி நேரம் கொடுங்கள், அல்லது ரெசாசூரினுக்கு மாறுங்கள், அது கரைந்தே இருக்கும்.

எல்929 மட்டும் ஒட்டினால் போதுமா என்று ஒரு கேள்வி வரும். செவிப்பறையின் வெளிப்பக்கம் தோல், நடுவே கொலாஜன் நார், உள்ளே சளிப்படலம். தோல் செல்லான கெரட்டினோசைட்டும் ஒட்டி நகர வேண்டும். ஃபைப்ரோபிளாஸ்ட் நன்றாக வளர்வதைக் காட்டி ஓட்டை மூடிவிடும் என்று சொல்லாதீர்கள்.

## அறிகுறி: ரெண்டு நாளில் கலங்கல், பஞ்சு

கலங்கி மஞ்சளானால் பாக்டீரியா, பஞ்சு மாதிரி மிதந்தால் பூஞ்சை. எல்லாக் குழியிலும் இருந்தால் ஹூட் (சுத்தக் காற்று வீசும் வேலைப் பெட்டி), மீடியம், கை. பாலிமர் குழியில் மட்டும் என்றால் படலத்தின் கிருமி நீக்கம் சரியில்லை. யுவி விளக்கின் கீழ் அரை மணி வைத்தேன் என்பார்கள். யுவி பார்வைக்கு நேரே பட்ட பரப்பைத்தான் தொடும், இழைக்குள்ளே போகாது. எத்தனாலும் பூஞ்சை வித்துகள், பாக்டீரியா வித்துகள் எல்லாவற்றையும் கொல்லாது. முதற்கட்ட சோதனைக்கு ஓடும், இறுதிச் சோதனைக்கு ஆகாது.

நம்ம பக்கம் இதற்கு இரண்டு சீசன். ஆனி ஆடியில் காற்று, குற்றாலச் சாரல் வீசும் நாட்களில் செம்மண் தூசி ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டே இருக்கும், ஹூட்டின் முன்வடிகட்டி அடைத்துவிடும். அப்புறம் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை ஈரம். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த லேப்களில் ஏசிக் குழாய்க்குள்ளேயே பூஞ்சை பிடித்தது. இன்குபேட்டரை எவ்வளவு துடைத்தாலும் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் முதலில் ஏசியைப் பாருங்கள். ஹூட்டைத் துடைத்து, முன்வடிகட்டியைக் கழுவி, திறந்த அகார் தட்டை ஹூட்டுக்குள் வைத்துப் பாருங்கள். அதில் காலனி வந்தால் ஹெப்பா வடிகட்டிக்குச் சான்று கொடுக்கும் ஆள் வர வேண்டும். அது நீங்களே பார்க்கிற வேலை இல்லை.

## அறிகுறி: எல்929 நலம், மேக்ரோஃபேஜ் மட்டும் கொதிக்கிறது

செல் சாகவில்லை, ஆனால் ரா 264.7 போன்ற மேக்ரோஃபேஜ் (கிருமியை விழுங்கும் நோயெதிர்ப்பு செல்) வரிசையில் நைட்ரிக் ஆக்சைடும் அழற்சிப் புரதங்களும் எகிறுகின்றன. பாலிமர் அழற்சி தருகிறது என்று எழுதுவதற்கு முன் எண்டோடாக்சின் பாருங்கள். செத்த பாக்டீரியாவின் சுவரிலிருந்து வருவது, ஆட்டோகிளேவில் போகாது. கண்ணாடிச் சாமானை 250 டிகிரியில் அரை மணி வைத்தால்தான் போகும். பெரும்பாலும் வருவது தண்ணீரிலிருந்து. டிஸ்டில்டு வாட்டர் கேனை நாள் கணக்கில் திறந்து வைத்து அதிலேயே பிபிஎஸ் கரைப்பது வழக்கம். ஊசி போடும் தண்ணீரில் கரைத்து ஒரு தடவை செய்து பாருங்கள், மருந்துக்கடையில் கிடைக்கும். அப்படியும் இறங்கவில்லையென்றால் எண்டோடாக்சினை அளக்கும் எல்ஏஎல் கிட். பொதுவாக மருத்துவக் கருவிகளுக்கு ஒன்றுக்கு 20 எண்டோடாக்சின் அலகு என்பது வரம்பு.

## அறிகுறி: போன வாரம் பாஸ், இந்த வாரம் ஃபெயில்

அதே பாலிமர், அதே கை, வேறு முடிவு. சீரம் பாட்டில் மாறியதா? இழை சுழற்றிய நாளின் ஈரப்பதம் எழுதி வைத்தீர்களா? ஈரம் ஏறினால் கரைப்பான் ஆவியாவதும் மாறும், இழையில் மணிகளும் ஓட்டைகளும் விழும், பரப்பு மாறும். ஒவ்வொரு விரிப்பிலும் தேதி, ஈரப்பதம், எடை எழுதுங்கள். எழுதி வைக்காதவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை, எழுத ஆரம்பித்துவிட்டு அடுத்த மாதம் வாருங்கள்.

## அறிகுறி: எல்லாம் பாஸ், ஆனால் ஈஎன்டி டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. செவிப்பறைக்குப் பின்னால் நடுக்காது, அங்கே வட்டச் சாளரச் சவ்வு, அதைத் தாண்டினால் ஒலியை உணரும் உட்காதின் முடிச் செல்கள். ஃபைப்ரோபிளாஸ்டுக்கு ஒன்றும் செய்யாத அளவு மிச்சம்கூட முடிச் செல்லைக் கொல்லலாம், செத்த முடிச் செல் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. ஜென்டமைசின் இதற்குப் பேர் போனது, கிருமிநாசினியான குளோரெக்சிடினும் அப்படியே. ஆகவே படலத்தை எதில் கழுவினீர்கள் என்பது இங்கே இன்னும் முக்கியம்.

கையில் செய்யக்கூடியது இரண்டு. உட்காதிலிருந்து வந்த ஹெச்இஐ-ஓசி1 செல் வரிசை ஒன்று, ஆனால் அது 33 டிகிரி, 10 சதவீத கார்பன் டை ஆக்சைடில் வளர்வது. எல்929-ஓடு அதே இன்குபேட்டரில் போட்டுவிட்டு "இதுவும் சாகுது" என்று வராதீர்கள். இன்னொன்று வரிக்குதிரை மீன் குஞ்சு. அதன் உடம்பின் பக்கவாட்டில் வெளியே தெரிகிற முடிச் செல்கள் உண்டு, எக்ஸ்ட்ராக்டில் விட்டு, சாயம் போட்டு எண்ணலாம், ஜென்டமைசின் அல்லது நியோமைசின் பாசிடிவாக.

விலங்குச் சோதனை என்று பேச்சு வந்த நிமிடம் நீங்கள் தனியாகச் செய்யும் வேலை முடிந்தது. விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழுவான சிசிஎஸ்இஏவில் பதிவுள்ள விலங்குக்கூடம், நிறுவன விலங்கு நெறிக் குழுவின் அனுமதி இரண்டும் இல்லாமல் ஒரு எலியைக்கூடத் தொடக் கூடாது. கட்டுரைகளில் சின்சில்லா என்ற கொறிணி வரும், நமக்குக் கைக்கெட்டுவது எலியும் கினிப்பன்றியும். உணர்வூட்டல், எரிச்சல், உள்வைப்புச் சோதனை எல்லாம் 10993-இன் 10, 23, 6 என்று தனித்தனிப் பகுதிகள். 2017 மருத்துவக் கருவி விதிகளின் கீழ் உரிமம் வாங்கும் எண்ணம் இருந்தால் உங்கள் லேப் எண்களை அடிப்படையாக வைத்துப் போக முடியாது, அங்கீகாரமுள்ள ஆய்வகத்தின் அறிக்கை வேண்டும். நமக்குப் பக்கம் திருவனந்தபுரம் பூஜப்புரையில் இருக்கும் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு, நாகர்கோவில் வழியாகக் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம்.

அனுப்புவதற்கு முன் கட்டணமும் எத்தனை துண்டு தேவை என்பதும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் கடைசி நேரத்தில் "இன்னும் 20 வட்டம் வேண்டும்" என்று வந்தால் வேறு தொகுதியில் சுழற்றியதை அனுப்ப வேண்டியிருக்கும், அப்போது அவர்கள் சோதிப்பது வேறு பொருள். ஒரே தொகுதியில், கிருமி நீக்கம் முடிந்து, கடைசியில் நோயாளிக்குப் போகும் அதே உறையில் அனுப்புங்கள். கூடவே பத்திரப்படுத்த அதே தொகுதியில் கொஞ்சம் உங்களிடமும் இருக்கட்டும். பிஎல்ஜிஏ என்றால் ஆம்னி பஸ் பார்சலில் போடாதீர்கள், கோடையில் டிக்கிக்குள் விரிப்பு சுருங்கிவிடும். தெர்மாகோல் பெட்டியில் ஜெல் பேக் வைத்து, ஈரம் படாத உறையில் சுற்றி, யாராவது ஒருத்தர் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.